பெயிண்டுக்கடை மயினியின் கடல் பயணம்

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் இருந்த அந்தப் பெயிண்டுக் கடைக்கு போர்டைப் பார்த்து வந்தவர்கள் குறைவு. "மயினி கடையில போய் வாங்கிட்டு வாலே" என்றுதான் கொத்தனார்களும் பெயிண்டர்களும் ஆள் அனுப்புவார்கள். போர்டில் இருந்தது குற்றாலிங்கத்தின் பெயர். கல்லாவுக்குப் பின்னால் இருந்தது அவர் மனைவி குழல்வாய்மொழி. குற்றாலிங்கத்தை அண்ணாச்சி என்றவர்களுக்கெல்லாம் அவள் அண்ணன் பெண்டாட்டி, மயினி.

இரண்டு பேருக்கும் கல்யாணம் பேசியபோது பெயர்ப் பொருத்தம் ஒன்றே போதும் என்று ஆகிவிட்டது. குற்றாலத்துச் சாமியும் அம்மனும் பத்திரிகையில் சேர்ந்து நிற்கிற மாதிரி இருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஜாதகத்தில் ஏதோ இடித்ததைக்கூடப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசுதேவநல்லூர்ப் பெண், பி.காம். முடித்தவள், அதிர்ந்து பேசாதவள் என்று கட்டிக்கொண்டு வந்தார்கள்.

மகன் விஜயசங்கர் கைக்குழந்தையாக இருந்தபோது கடையில் வேலைபார்த்தவன் சொல்லாமல் நின்றுவிட்டான். ஆள் கிடைக்கிறவரைக்கும் வந்து உட்காரு என்று குற்றாலிங்கம் கூப்பிட்டார். ஆளும் கிடைக்கவில்லை, அவள் எழுந்திருக்கவும் இல்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. குழந்தையை ப்ரைமர் டின்களுக்கு நடுவில் சாக்கு விரித்துப் போட்டு வளர்த்தாள். நிறம் கலக்கும் மெஷின் வருவதற்கு முன்னால் கையாலேயே கலந்தாள். மெஷின் வந்த பிறகு அதையும் படித்துக்கொண்டாள். எந்தத் தெருவில் எந்தச் சுவர் உப்புப் பூக்கும், எந்தக் காண்ட்ராக்டர் சொன்ன தேதியில் பணம் தருவான் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். குற்றாலிங்கம் காலையில் வந்து ஊதுபத்தி கொளுத்தி வைப்பார். பிறகு வியாபாரிகள் சங்கம், அதன் செயலாளர் பரமசிவன், கட்சிக்காரர்கள், சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்குகிற சிநேகிதர்கள் என்று அவருக்கு வெளியே நிறைய வேலை இருந்தது. கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். அடித்ததில்லை, வைததில்லை. மனைவி கடையைப் பார்த்துக்கொள்வது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. அதைப் பற்றி நினைத்துப் பார்த்ததே கிடையாது.

விற்பனை இலக்கைத் தொட்ட டீலர்களைப் பெயிண்டுக் கம்பெனி வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகும். இலக்கைத் தொடுவது குழல்வாய்மொழி. போய் வருவது குற்றாலிங்கம். பாங்காக்குக்கும் துபாய்க்கும் பரமசிவனோடு போய்வந்தார். வரும்போது அவளுக்கு ஒரு செண்டு பாட்டில் வாங்கிவருவார். அந்த வருஷம் மட்டும் கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடுதான் வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். துருக்கிக்குப் போய், கடலோரமாகவே பாய்மரப் படகில் நாலு நாள் பயணம் என்று சொன்னார்கள்.

"ஏட்டி, போட்டோ எடுத்துட்டு வா. பாஸ்போர்ட்டுக்குக் குடுக்கணும்" என்றார் குற்றாலிங்கம்.

"கடையை யாரு பாப்பா?" என்றாள் அவள். கேட்டுவிட்டாளே தவிர, அன்று முழுக்க அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. சென்னையில் வேலையில் இருந்த மகன், அந்த ஒரு வாரம் லீவு போட்டு வந்து கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். பிள்ளைக்குத்தான் தன்மேல் எவ்வளவு பாசம் என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிப் பூரித்தாள்.

திருவனந்தபுரத்தில் ஏறி, இடையில் விமானம் மாறி, பஸ்ஸில் மலை இறங்கித் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள எல்லாருக்கும் ஒரு அட்டை கொடுத்தார்கள். அவளுடையதில் 'மிஸஸ் குற்றாலிங்கம்' என்று இருந்தது. படகு முழுக்க மரம். நல்ல வார்னிஷ் அடித்துத் தேன் நிறத்தில் மின்னியது. இரண்டு பாய்மரம், கீழே சின்னச் சின்ன அறைகள், மேல்தட்டில் படுத்துக்கொள்ள மெத்தைகள். கூட வந்த டீலர்கள் பெரும்பாலும் வடக்கத்தி மாவட்டத்துக்காரர்கள். தெரிந்த முகம் என்று இருந்தது செங்கோட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற ஸ்டான்லியும் அவர் மனைவி ஜாயும்தான்.

முதல் நாள் பெரும்பாலும் மோட்டாரில்தான் போனார்கள். மத்தியானத்துக்கு மேல் காற்று எடுத்தது. மாலுமி மோட்டாரை நிறுத்திவிட்டுப் பாயை ஏற்றினான். சத்தம் நின்றதும் குழல்வாய்மொழிக்கு உடம்பே லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. துணி படபடப்பதும் மரம் முனகுவதும் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படகின் முனையில் போய் உட்கார்ந்தாள்.

பைன் மரம் அடர்ந்த மலைகள் நேராகக் கடலுக்குள் இறங்கியிருந்தன. மலைக்கும் மலைக்கும் நடுவே கை குவித்த மாதிரி சின்னச் சின்னக் குடாக்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஒவ்வொரு நிறம். கரையோரம் கண்ணாடிப் பச்சை, கொஞ்சம் தள்ளி மயில் கழுத்து, அதற்கும் அப்பால் நீலம். அவள் வாழ்நாள் முழுக்க நிறத்தை விற்றவள். கடையில் நிறம் காட்டுகிற ஷேடு கார்டில் இதெல்லாம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சாயங்காலம் ஒரு தீவை ஒட்டி நங்கூரம் போட்டார்கள். தீவின் மேலே இடிந்த பழைய கிறிஸ்தவக் கோயில்கள் கூரை இல்லாமல் நின்றன. ஜாயும் அவளும் ஏணியில் இறங்கிக் கடைசிப் படியில் உட்கார்ந்து முழங்கால் வரைக்கும் தண்ணீரில் விட்டுக்கொண்டார்கள்.

"அக்கா, உங்க முகம் இப்பம்தான் பாக்க நல்லா இருக்கு" என்றாள் ஜாய்.

"கடையில எப்பம் முகத்தைப் பாத்தேன்" என்றாள் குழல்வாய்மொழி.

இரண்டாம் நாள் சாயங்காலம் மேல்தட்டில் கம்பெனிக் கூட்டம் நடந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த மேலாளர், டீலர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் முன்னுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும் என்றார். ஒருவன் வீடியோ எடுத்தான். பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள்.

குற்றாலிங்கம் மைக்கைப் பிடித்தார். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருந்த சமயம் சினிமாக்காரர்கள் வந்து இறங்கிய கதையை எடுத்தார். ஒரு தெரு முழுக்க வீட்டு முகப்புகளுக்கு, பத்து வருஷம் வெயிலில் காய்ந்த மாதிரி ஒரு பச்சை வேண்டும் என்று அவர்கள் கேட்டதையும், எந்தக் கடையிலும் சரியாக வராததையும், சாரல் பெய்துகொண்டிருந்த அன்று லோடு ஆட்டோவில் டின்களை ஏற்றிக்கொண்டு அங்கேயே போய் ரோட்டோரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு கலந்ததையும் சொன்னார்.

"டின்னுல பாத்தா ஒண்ணு தெரியும், சுவத்துல பாத்தா ஒண்ணு தெரியும். என் கையிலேயே தடவித் தடவிப் பாத்தேன், சார். முழங்கை வரைக்கும் பச்சை. நாலாவது டின்னுல அந்த ஆர்ட் டைரக்டரு, இதுதான்னு சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாரு."

குழல்வாய்மொழி தன் இடது கையைப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பச்சை போவதற்கு ஒரு வாரம் ஆனது. அன்றைக்குக் குற்றாலிங்கம் பழைய குற்றாலம் அருவியில் பரமசிவனோடு எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார். இவ்வளவும் அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தாள். அன்று அவள்தான் வீட்டுக்கு வந்து, சோறு போட்டுக்கொண்டே வார்த்தை விடாமல் சொல்லியிருந்தாள். அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை அப்போது.

மேலாளர் எழுந்து நின்று கைதட்டினார். "இதுக்கெல்லாம் பின்னால வீட்டம்மா சப்போர்ட் இருக்கணுமே" என்றார்.

"இல்லாமலா? நேரத்துக்குக் காப்பி குடுத்துருவா" என்றார் குற்றாலிங்கம். எல்லாரும் சிரித்தார்கள். அவளைக் கூப்பிட்டு ஒரு பூங்கொத்தைக் கையில் கொடுத்தார்கள். அவள் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள். அந்தப் போட்டோவைத்தான் பிற்பாடு எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ஒரு பேச்சில் வாய் தவறி வந்துவிட்டது, ஆம்பளைகள் கூட்டத்தில் பெருமைக்குச் சொல்வதுதானே என்று அவள் தன்னைச் சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தாள். மறுநாள் காலையில் அதையும் கிட்டத்தட்டச் செய்து முடித்திருந்தாள்.

அன்று படகு ஒரு நீளமான தீவை ஒட்டி ரொம்ப மெதுவாகப் போனது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் பூகம்பத்தில் அந்த ஊர் பாதி கடலுக்குள் இறங்கிவிட்டதாம். பாறையில் வெட்டிய படிகள் தண்ணீர் வரைக்கும் வந்து, தண்ணீருக்குள்ளும் தொடர்ந்து போயின. கீழே சுவர்கள் தெரிந்தன, வாசல் தெரிந்தது. அவள் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஜாய் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இனி உங்களுக்கு நிம்மதிதானேக்கா. எங்க வீட்டுல இவரு என்னைய வீட்டுல இருன்னு எப்பம் சொல்லப் போறாரோ."

"என்ன நிம்மதி?"

"அதான், குற்றாலம் ரோட்டுல பெரிய ஷோரூம் போடுதீகள்லா. சங்கர் தம்பி வேலையை விட்டுட்டு வந்து பாக்கப் போறதாச் சொன்னாகளே. பழைய கடையை மூடிட்டு..." ஜாய் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். நேத்து ராத்திரி மேலாளரும் அண்ணாச்சியும் பேசிட்டு இருந்தாகன்னு இவரு சொன்னாரு."

குழல்வாய்மொழி தண்ணீரைப் பார்த்தபடியே நின்றாள்.

மத்தியானம் ஒரு சின்னக் கிராமத்தில் இறக்கிவிட்டார்கள். ரோடு கிடையாது, படகில்தான் வரவேண்டும். கரையை ஒட்டிக் கடலுக்குள் ஒரு பழைய கல்லறை, கவிழ்த்த படகு மாதிரி மூடியோடு, தனியாக நின்றது. மேலே மலை உச்சியில் கோட்டை. மற்றப் பெண்கள் ஸ்கார்ஃப் விற்கிறவர்களிடம் நின்றுவிட்டார்கள். அவள் கரையில் ஓரமாக நின்று மகனுக்குப் போன் போட்டாள்.

"ஷோரூம் போடுதீகளாமே?"

"அப்பா இன்னும் சொல்லலையாம்மா? அங்க வச்சுச் சொல்லுதேன்னுதான சொன்னாக" என்றான். "நான் வேலையை விடுதேன்னு எழுதிக் குடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. அம்மாட்ட இப்பம் சொல்லாதடா, கடையை விட மாட்டேம்பான்னு அப்பா சொன்னாக."

"லீவு போட்டு வந்தேன்னு சொன்னியே."

"அம்மா, கம்பெனியில புரொபஷனலா ஸ்டாஃப் வைக்கணும்னு கேக்குறாங்க. நீ எத்தனை நாளைக்குக் கஷ்டப்படுவே?"

அவள் போனை அணைத்தாள். குற்றாலிங்கம் கோட்டைக்குப் போகிற படியில் பாதிவரை ஏறி, மூச்சு வாங்கி ஒரு பழைய கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். அவள் ஏறிப்போய் அவருக்கு முன்னால் நின்றாள்.

"கடையை மூடப் போறீகளா?"

"யாரு சொன்னா? ஜாயா? அந்தப் பிள்ளைக்கு வாய் நிக்காது." அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "உக்காரு. கடைசி நாள் சொல்லலாம்னு இருந்தேன். சர்ப்ரைஸா."

"என்ட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"கேட்டா நீ மாட்டேம்ப. இருபது இருபத்தஞ்சு வருஷம் அந்தத் தின்னர் வாடையில கெடந்தாச்சு. போதும்ட்டி. வீட்டுல இரு. ராணி மாதிரி இரு. நான் நல்லதுக்குத்தான் செய்யுதேன்."

"நேத்து மைக்குல சொன்னீகளே, சுந்தரபாண்டியபுரத்துக்குப் போனது யாரு?"

அவர் உண்மையிலேயே குழம்பினார். பிறகு புரிந்து சிரித்தார். "அதா? ஆமா, நீதான் போனே. அதுக்கென்ன இப்பம்? நம்ம கடை, நம்ம கதை. நீ எந்திரிச்சு மைக்கைப் புடிச்சுப் பேசியிருப்பியாக்கும்?"

"கேட்டிருந்தா பேசியிருப்பேன்."

அவர் சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, பொறுமையாகக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார். "இந்தா பாரு. சங்கருக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சாச்சு. அச்சன்புதூர்ல ஒரு நல்ல இடம் வந்திருக்கு. பெரிய ஆளுக. மாமியாக்காரி கடையில நின்னு பெயிண்டு கலக்குதா, முழங்கையில சாயத்தோட வந்து நிக்குதான்னு சொன்னா அவுக என்ன நெனப்பாக? அதையும் யோசிக்கணும்லா."

அந்தக் கையால் சம்பாதித்ததில்தான் அந்தப் பிள்ளை படித்தான் என்று சொல்லியிருக்கலாம். அவள் அவரைத் தாண்டி மேலே ஏறினாள். உச்சியில் கோட்டைக்குள் பாறையைக் குடைந்து ஒரு சின்ன அரங்கம் இருந்தது. அவள் அதன் படியில் தனியாக உட்கார்ந்தாள். கீழே கடல் முழுக்க விரிந்து கிடந்தது, காலையில் இருந்த அதே நிறத்தில். அது அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு அழகான இடத்துக்குக் கூட்டிவந்து இதைச் செய்தார்களே என்று நினைத்தாள். வீட்டில் வைத்துச் சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். இங்கே அடுத்தவர்களுக்கு நடுவில் சிரித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அதற்காகத்தான் கூட்டிவந்தாரோ என்னவோ.

மறுநாள் அவள் அறையை விட்டு வரவில்லை. அவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று குற்றாலிங்கம் எல்லாரிடமும் சொன்னார். யாரோ எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டார்கள். படகு நல்ல நல்ல குடாக்களில் எல்லாம் நின்று போனது. மேலே ஆட்கள் தண்ணீரில் குதிக்கிற சத்தமும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

ஊருக்கு வந்தபின் தெருவில் எல்லாரும் கேட்டார்கள். "நல்லா இருந்துச்சு" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை.

ஐப்பசியில் ஷோரூம் திறந்தார்கள். கண்ணாடிச் சுவர், ஏ.சி., சட்டையில் கம்பெனிப் பெயர் போட்ட பையன்கள், சுவரில் விரலை வைத்தால் நிறம் மாறுகிற டிவி. அவளைக் குத்துவிளக்கு ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினாள். பழைய கடையை ஒரு செல்போன் கடைக்காரனுக்கு வாடகைக்கு விட்டார்கள்.

வீட்டில் உட்கார்ந்து அவள் ஒன்றுக்காகக் காத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானேகூட வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. வியாபாரம் படுக்கும் என்று காத்திருந்தாள். மயினி இல்லாவிட்டால் ஆகாது என்று ஆட்கள் வந்து நிற்பார்கள் என்று நினைத்தாள். முதல் மாதம் பழைய வாடிக்கைக்காரரான காண்ட்ராக்டர் வீரபாகு இரண்டு மூன்று தடவை போன் பண்ணினார். "மயினி, போன வருஷம் ஸ்கூலுக்கு அடிச்சோமே, அந்த மஞ்சள்ல என்ன கலந்தீக?" அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். அப்புறம் போன் வரவில்லை. தை மாதம் மார்க்கெட்டில் பார்த்தபோது அவளே கேட்டாள்.

"என்ன வீரபாகு, ஆளையே காணோம்?"

"வேலை ஓடிட்டு இருக்கு, மயினி. தம்பி நல்லாப் பாத்துக்கிடுதாப்ல. போட்டோ அனுப்பினாப் போதும், நிறம் வந்திருது. சைட்டுக்கே டெலிவரியும் குடுத்திருதாங்க." அவர் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துச் சொன்னார். "நீங்க கொடுத்துவச்சவுக."

ஷோரூமில் வியாபாரம் இரண்டு மடங்கு ஆனது. அது பொய்யில்லை. அவள் இல்லாமல் எதுவும் நிற்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் பஸ் ஏறிச் செங்கோட்டைக்குப் போனாள். ஸ்டான்லி கடையில் எழுந்து நின்று வரவேற்றார். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"உங்க கடையில பெயிண்டு செக்ஷனுக்கு ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன். நான் வாரேன். என்ன சம்பளம் குடுத்தாலும் சரி."

ஸ்டான்லி பேனாவை மூடித் திறந்தார். "உங்களை மாதிரி ஆள் கிடைக்க நான் குடுத்துவச்சிருக்கணும், அக்கா. ஆனா அண்ணாச்சி என்ன நெனப்பாரு? நாளைக்குச் சங்கத்துல அவரு முகத்துல நான் எப்படி முழிக்கது? நீங்க அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

அவள் எழுந்துகொண்டாள். உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்த ஜாய் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுத்தான் வந்தாள். ஜாய் என்ன பாவம் செய்தாள்.

அச்சன்புதூர்ச் சம்பந்தம் முடிவானது. கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்துப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. குழல்வாய்மொழி யாரையும் கேட்கவில்லை. கீழப்பஜாரில் வேறு கம்பெனி டீலர் கடைக்குப் போனாள். அவளைத் தெரியாத தென்காசிப் பெயிண்டுக் கடைக்காரன் உண்டா? கடைக்காரர் திகைத்துப்போய், "உங்களுக்கா?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்குத்தான்" என்றாள். தானே நிறம் சொல்லி, தானே பக்கத்தில் நின்று கலக்கவைத்து வாங்கினாள். அந்தக் கடையின் பெயர் எழுதின லோடு ஆட்டோ மத்தியானம் முழுக்க அவர்கள் வீட்டு வாசலில் நின்றது. தெருவே பார்த்தது.

குற்றாலிங்கம் வந்து டின்களைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. "பைத்தியமாட்டி உனக்கு? ஊரு சிரிக்கும். கம்பெனிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"தெரியட்டும்."

"நான் உனக்கு என்ன கொறை வச்சேன்? சொல்லு. துருக்கி வரைக்கும் கூட்டிட்டுப் போனேம்லா."

மகன் வாசலில் நின்று போனில் யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான். சாயங்காலத்துக்குள் ஷோரூம் பையன்கள் வந்து டின்களை ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் காலையில் அவர்களே வேறு டின்களோடு வந்து வேலையை ஆரம்பித்தார்கள். வெளுத்த ரோஸ் மாதிரி ஒரு நிறம். அந்த வருஷம் கம்பெனி புதிதாக இறக்கியது. வெயில் பட்டால் கண் கூசியது.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, வீடு ஜோராக இருக்கிறது, யார் எடுத்த கலர் என்று கேட்டார்கள்.

"பையன்தான்" என்றார் குற்றாலிங்கம்.

பட்டுச்சேலையோடு பக்கத்தில் நின்றிருந்த குழல்வாய்மொழியைப் பார்த்துச் சம்பந்தியம்மாள், "அதுக்கென்ன, மதினிக்கு எல்லாம் உக்காந்த இடத்துல நடந்திருது" என்று சிரித்தாள். குழல்வாய்மொழி பந்தலுக்குள் போய் எந்த வரிசைக்கு இலை போடவில்லை என்று பார்க்கத் தொடங்கினாள்.